சீப்பில் வந்த சாம்பல்

"கோயிலுக்குப் போய்விட்டு வருகிறாயா?" என்று வகுப்புத் தோழி கேட்டாள். "ஆமாம்" என்றேன். உரையாடல் அவ்வளவுதான். 2018 பிப்ரவரி 14, திருநீற்றுப் புதன், காலை எட்டரை மணி. பல்கலைக்கழகத்தில் எங்கள் துறையின் படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தோம். அவள் நெற்றியில் திருநீறு. என் நெற்றியில் ஆறு மணிப் பூசையில் ஃபாதர் கட்டைவிரலால் இட்ட சாம்பல் சிலுவை. ஷேர் ஆட்டோவின் காற்றும் வியர்வையும் சேர்ந்து, சிலுவை என்று யாராலும் சொல்ல முடியாதபடி அதை ஒரு தீற்றலாக்கியிருந்தன. அவள் கேட்டது கோயில், நான் போனதும் கோயில். எங்கள் ஊரில் சர்ச் என்றோ தேவாலயம் என்றோ சொல்லும் வழக்கமே இல்லை. கோயில், பூசை, தேர், சப்பரம், கொடியேற்றம் எல்லாம் இரு தரப்புக்கும் பொதுச் சொத்து. இந்த நாளுக்கே எங்கள் ஆச்சி வைத்திருந்த பெயர் விபூதிப் புதன். ஆகவே நான் பொய் சொல்லவில்லை. இருந்தும் அந்த "ஆமாம்" நெடுநாள் உறுத்திக்கொண்டிருந்தது. முதலில் ஒரு காரணத்துக்காக, பிறகு அதற்கு நேர்மாறான வேறொரு காரணத்துக்காக.

முதல் காரணத்தைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. அவள் இன்னொரு கேள்வி கேட்பாள் என்று எதிர்பார்த்திருந்தேன். "இது என்ன, கறுப்பாக இருக்கிறதே?" என்று கேட்டால் சொல்வதற்கு ஒரு குட்டிப் பிரசங்கமே கைவசம் இருந்தது. சென்ற ஆண்டு குருத்து ஞாயிறன்று மந்திரித்துக் கொடுத்த ஓலையைச் சுவாமி படத்துக்குப் பின்னால் ஓராண்டு செருகி வைத்திருப்போம், அதைத் திரும்ப வாங்கி எரித்துச் சலித்த சாம்பல் இது, மண்ணாக இருக்கிறாய் மண்ணுக்கே திரும்புவாய் என்று சொல்லி இடுவார்கள், இன்றிலிருந்து நாற்பது நாள் தவக்காலம், ஞாயிறுகளைச் சேர்க்காமல் எண்ண வேண்டும், இத்யாதி. அவள் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? தமிழ்நாட்டில் காலை நேரத்தில் ஒருத்தி நெற்றியில் சாம்பலோடு நடந்து வருவது ஒரு செய்தியா? அன்றைய செய்தி வேறு. காதலர் தினமும் சாம்பல் புதனும் ஒரே நாளில் வந்து விழுந்த ஆண்டு அது. பல்கலைக்கழக வாயிலில் ஒற்றை ரோஜாக்களை பிளாஸ்டிக் தாளில் சுற்றி விற்றுக்கொண்டிருந்தார்கள். அந்த ஆண்டு ஈஸ்டரோ ஏப்ரல் 1. இரண்டையும் வைத்து எங்கள் விடுதியில் வராத நகைச்சுவை இல்லை.

இத்தனைக்கும் அன்றைய நற்செய்தி மத்தேயு ஆறாம் அதிகாரம். நோன்பிருக்கும்போது முகத்தை வாட்டமாக வைத்துக்கொள்ளாதே, தலைக்கு எண்ணெய் தேய், முகத்தைக் கழுவு, நீ நோன்பிருப்பது பிறருக்குத் தெரிய வேண்டாம் என்கிறார் இயேசு. அதைக் கேட்டு, பிரசங்கம் முடிந்த கையோடு வரிசையில் போய் நெற்றியைக் காட்டிச் சாம்பல் பூசிக்கொள்கிறோம். இந்த முரணைச் சுட்டிக்காட்டிச் சிரிக்காத ஃபாதரை நான் பார்த்ததில்லை. நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு, யாராவது கேட்க மாட்டார்களா என்று நெற்றியைச் சுமந்துகொண்டு அலைந்தேன்.

மெஸ் இருந்த நோன்பு

கத்தோலிக்கக் கல்லூரிகளில் படித்தவர்களுக்கு இந்த ஏக்கம் புரியாது. அங்கே வளாகத்துக்குள்ளேயே கோயில் இருக்கும், தவக்காலத்தில் மாணவர் தியானம் இருக்கும், பீடத்தில் ஊதாத் துணி தொங்கும், 1924-இல் தொடங்கிய ஐக்கஃப் போன்ற மாணவர் இயக்கத்தின் கிளை இருக்கும். அரசுப் பல்கலைக்கழகத்தில் தவக்காலம் என்ற ஒன்று நடப்பதே யாருக்கும் தெரியாது. இருபது நிமிட ஆட்டோ தூரத்தில் ஒரு பங்குக் கோயில். பெண்கள் விடுதியில், அறை அறையாகத் தேடிச் சேர்த்த ஒன்பது கத்தோலிக்க மாணவிகள். அவ்வளவுதான் எங்கள் திருச்சபை.

புதன்கிழமை இரவு மெஸ்ஸில் கோழிக் குழம்பு. திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் கட்டாய நோன்பு நாள்கள்: ஒருவேளைதான் முழுச் சாப்பாடு, இறைச்சி கிடையாது. ஆச்சியின் மொழியில் ஒருசந்தி, சுத்தபோசனம். இறைச்சி விலக்கு பதினான்கு வயதிலும் நோன்பு பதினெட்டிலும் தொடங்குவதால் விடுதியில் ஒருத்திக்கும் விலக்கில்லை. கோழி டோக்கனைப் பக்கத்தில் இருந்தவளுக்குத் தள்ளிவிட்டு வெறும் தட்டை நீட்டினேன். "உனக்கு இன்றைக்கு என்ன விரதம்?" என்று கேட்ட மெஸ் அக்கா, பதிலுக்குக் காத்திராமல் ரசத்தை ஊற்றிவிட்டு அடுத்த தட்டுக்குப் போய்விட்டார். வெள்ளிக்கிழமைகள் அதைவிட மோசம். பாதி விடுதி வெள்ளிக்கிழமை அசைவம் தொடாது என்பதால் மெஸ்ஸிலேயே அன்று கறி சமைப்பதில்லை. நாற்பது நாளில் நான் பெருமையாகச் சுமக்க நினைத்த சிலுவையை மெஸ் கமிட்டி எனக்கு முன்பே தூக்கிக்கொண்டு போய்விட்டிருந்தது.

வேறு ஒறுத்தல்களைத் தேடினோம். ஒருத்தி மாலைத் தேநீரை விட்டாள், ஒருத்தி இன்ஸ்டாகிராமை, முதலாமாண்டுப் பெண் ஒருத்தி பிரியாணியை. மிச்சமாகும் காசைப் போட ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில். தேநீருக்கு எட்டு ரூபாய், சமோசாவுக்குப் பத்து. இன்ஸ்டாகிராமை விட்டவள் எவ்வளவு போடுவது என்று இரண்டு நாள் விவாதம் நடந்தது. பாட்டில் என் அறை மேசையில் இருந்தது. நானே இந்தக் கூட்டத்தின் மூப்பர் என்ற நினைப்பு எனக்கு இருந்ததை இங்கே ஒத்துக்கொள்கிறேன்.

மொட்டைமாடியில்

இனி எங்கள் ஒன்பது பேரில் ஒருத்தியைப் பற்றி. அவளிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். துறை, ஊர், குடும்ப விவரங்களை மாற்றியிருக்கிறேன். அன்று காலை ஷேர் ஆட்டோவில் நாங்கள் மூன்று பேர். பல்கலைக்கழக வாயில் வருவதற்குச் சற்று முன்னால் அவள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து துப்பட்டாவின் நுனியை நனைத்தாள். நெற்றியை ஒருமுறை, இருமுறை அழுத்தித் துடைத்தாள். துப்பட்டாவில் பதிந்த கறுப்பை உள்பக்கமாக மடித்து மறைத்தாள். பிறகு முன்னால் குனிந்து ஓட்டுநரின் கண்ணாடியில் நெற்றியைப் பார்த்து, புருவத்தின் ஓரம் ஒட்டியிருந்த ஒரு துணுக்கையும் விரல் நகத்தால் எடுத்தாள். எல்லாமே பழகிய கையின் வேகத்தில் நடந்தன. நான் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

எனக்குக் கோபம் வந்தது. யாரும் கவனிக்க மாட்டார்களா என்று நான் ஏங்கிக்கொண்டிருக்க, இவள் துடைத்துப் போடுகிறாள். காதலர் தினத்தில் கறுப்பு நெற்றியோடு வகுப்புக்குப் போகக் கூச்சம் என்றே நினைத்தேன்.

மறுநாளுக்கு அடுத்த நாள், முதல் வெள்ளி. இயேசுவின் பாடுகளைப் பதினான்கு நிலைகளாகத் தியானிக்கும் சிலுவைப்பாதைக்கு எங்களுக்கு இடமில்லாததால் விடுதி மொட்டைமாடியைப் பிடித்திருந்தோம். துணிக்கொடி கட்ட நட்ட இரும்புக் கம்பங்கள் அங்கே வரிசையாக உண்டு. எண்ணிப் பார்த்தால் பன்னிரண்டு. தண்ணீர்த் தொட்டியையும் படிக்கட்டுக் கதவையும் சேர்த்துப் பதினான்கு நிலைகளாக்கிக்கொண்டோம். காயும் சுடிதார்களையும் போர்வைகளையும் தலையால் விலக்கிக்கொண்டு கம்பம் கம்பமாகப் போவோம். சிமெண்ட் தரையில் முழங்காலிட்டு எழுந்தால் பகல் வெயிலின் சூடு முட்டியில் இருக்கும். ஆளுக்கொரு நிலையாக வாசிப்பது, கைப்பேசி வெளிச்சத்தில். எல்லோரும் சேர்ந்து சொல்லும் "எங்கள் பேரில் தயவாயிரும் சுவாமி" மட்டும் ஒவ்வொருத்தியின் ஊர் ராகத்தில் ஒவ்வொரு விதமாக இழுபடும்.

பதினான்காம் நிலை முடிந்ததும் வட்டமாக நின்று சொந்த மன்றாட்டுகள். ஒருத்தி செய்முறைத் தேர்வுக்காக வேண்டினாள், ஒருத்தி தம்பியின் படிப்புக்காக. என் முறை வந்தது. கண்களை மூடிக்கொண்டு, குரலில் பக்தியை ஏற்றிக்கொண்டு சொன்னேன்: "உம்மை அறிந்திருந்தும் மனிதர் முன்னிலையில் உம்மை மறைத்துக்கொள்பவர்களுக்குத் துணிவைத் தந்தருள வேண்டுமென்று, ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்." எட்டுக் குரல்களும் பதில் சொல்லின: "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்." அவற்றில் அவள் குரலும் இருந்தது. அதை நான் தனியாகக் கேட்டேன். கேட்பதற்காகவே காதைத் தீட்டி வைத்திருந்தேன்.

ஒருவரை நேருக்கு நேர் திட்டினால் அவர் திருப்பிப் பேசலாம். ஜெபத்தில் வைத்துக் குத்தினால் குத்துப்பட்டவரும் "கேட்டருளும்" என்று சொல்லியாக வேண்டும். பக்தியுள்ள வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இந்த வித்தை தெரியும். எங்கள் வீட்டுச் செபமாலைகளில் மருமகள்கள் இப்படி எத்தனையோ முறை மனந்திரும்ப வைக்கப்பட்டிருக்கிறார்கள். அன்று காலைப் பூசையின் முதல் வாசகம் எசாயா 58. தலையை நாணலைப்போல் தொங்கவிட்டுச் சாம்பலில் கிடப்பதா நான் கேட்ட நோன்பு, நுகத்தை உடைப்பதும் ஒடுக்கப்பட்டோரை விடுவிப்பதும்தானே என்று ஆண்டவர் கேட்கும் பகுதி. அதை வாசித்தவளே நான்தான். உச்சரிப்பு நன்றாக இருந்தது என்று ஃபாதர் பாராட்டினார்.

அடுத்த வெள்ளி அவள் வரவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் வரவில்லை.

பிளாஸ்டிக் கோப்பு

மார்ச் முதல் வாரம் ஓர் இரவு என் அறைக் கதவைத் தட்டினாள். கையில் நீல பிளாஸ்டிக் கோப்பு. முனைவர் பட்டச் சேர்க்கைக்கு விண்ணப்பிக்கிறேன், ஆய்வுத் திட்டத்தின் ஆங்கிலத்தைக் கொஞ்சம் பார்த்துத் தருகிறாயா என்றாள். பார்க்க வேண்டியது இரண்டே பக்கம். அவள் கொடுத்தது முழுக் கோப்பை. புரட்டினேன். மதிப்பெண் பட்டியல்கள், மாற்றுச் சான்றிதழ், அதற்கடுத்து லேமினேஷன் செய்த சாதிச் சான்றிதழ். இந்து என்று இருந்தது. அதற்குப் பக்கத்தில் சாதியின் பெயர். நிமிர்ந்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, ஹார்லிக்ஸ் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தப் பெயரை என் வீட்டில் யாரும் கூப்பிடுவதில்லை" என்றாள். "ஞானஸ்நானப் பதிவேட்டில் வேறு பெயர்."

நான் ஒன்றும் சொல்லவில்லை.

"உன் சான்றிதழில் என்ன இருக்கிறது?"

"கிறித்தவர்தான்" என்றேன். சாதியையும் சொன்னேன்.

"உன் தாத்தா காலத்தில் மாறினீர்களா? மாறியதால் உங்களுக்கு ஏதாவது போனதா?"

யோசித்தேன். அதுவரை ஒருமுறைகூட யோசித்ததில்லை. ஒன்றும் போகவில்லை. எங்கள் சாதி இந்துவாக இருந்தாலும் பிற்படுத்தப்பட்டோர், கிறித்தவராக இருந்தாலும் பிற்படுத்தப்பட்டோர். கோயில் மாறியபோது பட்டியல் மாறவில்லை.

"எனக்குப் போகும்" என்றாள். "யாராவது ஒருவர் ஒரு படம் எடுத்தால் போதும்."

"அப்படியானால் ஏன் வருகிறாய்?" இந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன்.

"சாம்பல் புதன் அன்று அம்மா போன் செய்வார்கள். வாங்கினாயா என்று கேட்பார்கள். வாங்கினேன் என்று சொல்வேன். துடைத்துவிட்டாயா என்று அம்மா கேட்டதில்லை. அம்மாவும் துடைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போவார்கள்."

பிறகு ஆங்கிலத்தைப் பார்த்தோம். இரண்டு இடங்களில் காலம் தவறியிருந்தது, ஓர் இடத்தில் எழுத்துப் பிழை. திருத்திக் கொடுத்தேன். நன்றி சொல்லிவிட்டுப் போனாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அவள் போன பிறகுதான் தோன்றியது. அவள் அறை வரை போய்க் கதவுக்கு வெளியே நின்றுவிட்டுத் திரும்பினேன். பெரிய வாரத்தில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனபோது இதை முழுதாகச் சொல்ல நினைத்து, "பிறரைத் தீர்ப்பிட்டேன், சாமி" என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டேன். மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார்.

சட்டம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்துக்கள் மட்டுமே பட்டியல் சாதியினர். 1956-இல் சீக்கியர்களும் 1990-இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறித்தவர்களும் முஸ்லிம்களும் இன்றுவரை வெளியே. தமிழ்நாட்டில், பட்டியல் சாதியிலிருந்து கிறித்தவரானவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்கு வந்துவிடுவார்கள். அதாவது அவள் நெற்றியைத் துடைக்காமல் இருந்தால், 18 சதவீத இடஒதுக்கீட்டை விட்டுவிட்டு 26.5 சதவீதத்துக்குள் வந்து என்னோடு போட்டியிட வேண்டும். அவளுக்குத் துணிவு தரச் சொல்லி நான் ஆண்டவரிடம் வேண்டியதன் நடைமுறைப் பொருள் இதுதான். அந்த ஆணை பிறந்த ஆகஸ்ட் 10-ஐ ஆண்டுதோறும் கறுப்பு நாளாகக் கடைப்பிடிக்கிறோம். எங்கள் பங்கிலும் பூசைக்குப் பிறகு கறுப்புப் பட்டை குத்திக்கொண்டு நிற்போம். சிறு வயதிலிருந்து நானும் குத்தியிருக்கிறேன். அதற்கும் ஒரு மனுஷிக்கும் தொடர்பு இருக்கும் என்று தோன்றியதே இல்லை.

கிறித்தவத்தில் சாதி இல்லை, பிறகு எதற்குப் பட்டியல் என்று கேட்பவர்கள் உண்டு. ஏட்டில் இல்லைதான். கல்லறையில் இருக்கிறது, தேர் போகும் தெருவில் இருக்கிறது. எறையூரில் கத்தோலிக்கர்களுக்குள்ளேயே மூண்ட சாதிச் சண்டையில் போலீஸ் சுட்டு இரண்டு பேர் இறந்தது 2008 மார்ச் 9. அதுவும் ஒரு தவக்கால ஞாயிறு.

அவள் செய்வது சரியா என்று கேட்டால் இன்றும் எனக்குத் தெளிவான பதில் இல்லை. சான்றிதழில் இருப்பது உண்மை இல்லை என்பது அவளுக்கும் தெரியும். அதை அவள் லேசாகச் சுமக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். நெற்றியில் பூசிக்கொள்வது எனக்கு இலவசம். இலவசமாகக் கிடைத்ததை வைத்துக்கொண்டு, அதற்கு விலை கொடுக்க வேண்டியவளிடம் போய்த் துணிவைப் பற்றிப் பேசியிருக்கிறேன். படிக்கட்டில் சொன்ன "ஆமாம்" அதற்குப் பிறகு வேறு விதமாக உறுத்தத் தொடங்கியது. நான் பெருமையாகக் காட்டிக்கொள்ள முடியாமல் போனதே என்று எந்தப் பொதுச் சொற்களை நொந்துகொண்டேனோ, அந்தக் கோயில் என்ற சொல்லுக்கும் விரதம் என்ற சொல்லுக்கும் உள்ளேதான் அவளும் அவள் அம்மாவும் இத்தனை ஆண்டும் ஒதுங்கி நின்று வழிபட்டிருக்கிறார்கள்.

அடுத்த வெள்ளி அவள் மொட்டைமாடிக்கு வந்தாள். சொந்த மன்றாட்டு நேரத்தில் நான் வாய் திறக்கவில்லை. அவள் வேண்டினாள்: மெஸ் அக்காவின் மகளுக்குக் காய்ச்சல், சுகமாக வேண்டும் என்று. அப்படி ஒரு மகள் இருப்பதே எங்களில் வேறு யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. பெரிய வியாழனன்று ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கவிழ்த்து எண்ணியபோது 1,140 ரூபாய் இருந்தது. அதில் பாதியைப் பங்குக் கோயில் உண்டியலிலும் பாதியை அந்த மகளின் மருந்துச் செலவுக்கும் கொடுத்தோம். அது அவள் யோசனை.

அவளுக்கு ஆய்வு இடம் கிடைத்தது. பிறகு அரசு வேலையும் கிடைத்தது. திருமணம் அவள் ஊர்க் கோயிலில் இரவுப் பூசையில் நடந்தது. நான் போயிருந்தேன், அழகான திருமணம், ஒரு படம்கூட முகநூலில் கிடையாது. 2024 நவம்பர் 26 அன்று, புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண்ணின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஞானஸ்நானம் பெற்றவர், தவறாமல் தேவாலயம் செல்பவர், ஆகவே அவர் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்க முடியாது. நம்பிக்கை இல்லாமல் சலுகைக்காக மட்டும் மதத்தைச் சொல்வது அரசியலமைப்பின் மீது செய்யும் மோசடி என்றது. தவறாமல் தேவாலயம் செல்வது என்ற சொற்களில் என் கண் நின்றுவிட்டது. சிறு வயதில் மறைக்கல்வி வகுப்பில் எனக்கு அதற்குத்தான் பரிசு கொடுத்தார்கள். அவளுக்கு ஒரு செய்தி அனுப்பினேன். மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது: அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது, வேண்டிக்கொள்.

இடையில் ஒரு திருநீற்றுப் புதன் உண்டு. 2021 பிப்ரவரி 17, கொரோனா காலம். யாரையும் தொடக் கூடாது என்பதால், குருவானவர் சொற்களை எல்லோருக்கும் பொதுவாக ஒரே முறை சொல்லிவிட்டு, அதன் பிறகு முகக்கவசம் அணிந்து மௌனமாக ஒவ்வொருவர் தலையிலும் சாம்பலைத் தூவ வேண்டும் என்று வத்திக்கானிலிருந்து வழிகாட்டுதல் வந்திருந்தது. நெற்றியில் இடுவது இல்லை. எங்கள் பங்கில் குனிந்து நின்ற என் வகிட்டில் ஃபாதர் ஒரு சிட்டிகை போட்டார். வெளியே வந்தபோது யாரைப் பார்த்தாலும் சாதாரண நாள் மாதிரியே இருந்தது.

இரவு ஏழு மணிக்கு அவள் அழைத்தாள். "இப்போதுதான் தலை சீவினேன். சீப்பில் வந்தது" என்றாள். "காலையிலிருந்து ஆய்வகத்தில் தலையில் வைத்துக்கொண்டே இருந்திருக்கிறேன். வாழ்க்கையில் முதல் முறை." பிறகு சிரிக்கத் தொடங்கினாள். "இந்த வருடம் நீங்கள் எல்லோரும் நெற்றியைத் துடைத்துவிட்டீர்களே!" நானும் சிரித்தேன். இன்னும் ஏதோ சொல்ல வந்தாள். அதற்குள் அம்மாவின் அழைப்பு வருகிறது என்று வைத்துவிட்டாள்.